ஏற்காட்டில் முறம் அளவு, வீட்டில் வெற்றிலை அளவு: மணி பிளான்ட் இலை ஏன் பெரிதாவதில்லை?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஏற்காட்டுக்குப் போனபோது ஒரு காபி எஸ்டேட் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியைப் பார்த்தீர்கள். இலை ஒவ்வொன்றும் முறம் அளவு, மேலே மஞ்சள் திட்டுகள், ஓரத்தில் கிழிந்த மாதிரி பிளவுகள். அது மணி பிளான்ட்தான் என்று பக்கத்து நர்சரிக் கடைக்காரர் சொன்னார். சேலம் அஸ்தம்பட்டி அடுக்குமாடி வீட்டில் உங்கள் புத்தக அலமாரி மேல் இருக்கும் மணி பிளான்டோ பத்தடி நீளத்துக்குத் தொங்குகிறது. ஆனால் இலை வெற்றிலையைத் தாண்டவில்லை. தொட்டிக்குப் பக்கத்து இலைகள் மஞ்சளாகி உதிரவும் செய்கின்றன. என்ன உரம் போடலாம் என்றும், அந்தப் பெரிய இலைக் கொடியிலிருந்து 300 ரூபாய்க்கு ஒரு துண்டு தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உரம், விலை இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே செடிதானா, அப்படியானால் நம் வீட்டில் மட்டும் ஏன் அப்படி வளரவில்லை என்பதுதான் அது. தோட்டக்கலை படித்துவிட்டு சேலத்திலும் ஏற்காட்டிலும் நர்சரிகளிலேயே வேலை பார்த்து வருபவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. நீங்கள் பார்த்த இலையில் மஞ்சள் தெறித்த மாதிரி பட்டைகளும் திட்டுகளும் இருந்திருந்தால், பிளவுகள் ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி ஒழுங்கில்லாமல் போயிருந்தால், அது மணி பிளான்ட்தான். இலை முழுக்கக் கரும்பச்சையாக, நடு நரம்பை ஒட்டி வட்டமான ஓட்டைகளோடு இருந்திருந்தால் அது மான்ஸ்டெரா. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த வேறு செடி. இரண்டும் சேம்புக் குடும்பம் என்பதால் தூரத்தில் பார்த்தால் குழப்பும். உங்கள் விவரிப்பில் மஞ்சள் திட்டு என்று வருவதால், படம் இல்லாவிட்டாலும், மணி பிளான்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். மரத்தில் நன்றாக ஏறிய மணி பிளான்டின் இலை ஒரு மீட்டர் நீளம் வரைகூடப் போகும். தண்டு நம் கட்டைவிரலைவிடத் தடிக்கும்.

இது பெரிய இலை ரகம், உங்களுடையது சின்ன இலை ரகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மணி பிளான்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் இருக்கும் மோரியா என்ற தீவு. இந்தச் செடி பூப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964ல். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. பூ இல்லை என்றால் விதை இல்லை. உலகம் முழுக்க இது பரவியது கணுவைக் கிள்ளி நட்டுத்தான். பளிச்சென்ற இளமஞ்சள், வெள்ளைத் திட்டு என்று நிறத்தில் சில வகைகள் கடைகளில் உண்டு, உண்மைதான். ஆனால் எஸ்டேட்டில் நீங்கள் பார்த்த சாதாரண மஞ்சள் திட்டுக் கொடியும் உங்கள் அலமாரிக் கொடியும் பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள்தான்.

அடுத்து, ஏற்காட்டுக் குளிர்ச்சிதான் இலையைப் பெரிதாக்கியது என்ற எண்ணம். நிறையப் பேர் இதைச் சொல்லிச் சொல்லி மனசில் பதிந்துவிட்டது. ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம். மணி பிளான்டோ பசிபிக் தீவிலிருந்து வந்த வெப்பமண்டலச் செடி. மார்கழி, தையில் ஏற்காட்டில் அது குருத்து விடாமல் அப்படியே நின்றுவிடும். சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் சேலம்தான் அதற்குப் பிடித்த ஊர். சேலத்திலேயே பழைய பங்களா வளாகங்களில் மாமரத்தில் ஏறிய மணி பிளான்டைக் கவனித்துப் பாருங்கள், இலை இரண்டு கையை விரித்த அளவு இருக்கும். மலை கூடுதலாகத் தருவது காற்றில் ஈரம், மூடுபனி. அது உதவும், ஆனால் முதல் காரணம் அது இல்லை.

முதல் காரணம், அங்கே கொடி ஏறுகிறது, உங்கள் வீட்டில் தொங்குகிறது என்பது. இதில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கொடி காட்டில் தரையில் தவழ்ந்துகொண்டு ஏறுவதற்கு ஒரு மரத்தைத் தேடும். தேடும் காலத்தில் இலைக்குச் செலவு செய்யாது. கணுவுக்குக் கணு இடைவெளி நீளமாக, தண்டு ஒல்லியாக, இலை சின்னதாக விட்டு ஓடும். மரம் கிடைத்து, கணுவில் இருக்கும் பற்று வேர் பட்டையைப் பிடித்ததும் நடத்தை மாறும். இடைவெளி குறையும், தண்டு தடிக்கும், அடுத்து வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும். ஆளுயரம் தாண்டியதும் ஓரத்தில் பிளவு விழத் தொடங்கும். உச்சிக்குப் போனதும் அங்கிருந்து புதுக் கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும். அவற்றில் இலை மறுபடி சிறுத்துவிடும், ஏனென்றால் தரையைத் தொட்டு அடுத்த மரத்தைத் தேடிப் போகிற கிளைகள் அவை. ஒரே கொடியில், ஒரே வேரில், ஒரே உரத்தில் இரண்டு அளவு இலை. அடுத்த முறை ஏற்காடு போனால் அந்த சில்வர் ஓக்கின் மேல் கிளையைப் பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் அலமாரியிலிருந்து தொங்குவது அந்தத் தேடும் கிளைதான். பத்தடி வளர்ந்தது செழிப்பால் இல்லை. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே ஏறுவது, வேர் எதையாவது பற்றுவது, உயரத்தில் வெளிச்சம் கூடுவது ஆகிய மூன்றும் மரத்தில் சேர்ந்தே நடப்பதால், எது எத்தனை பங்கு என்று ஒரு வீட்டுச் செடியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இலை பெரிதாகிறது, இது நிச்சயம். நல்ல வெளிச்சத்தில் தொங்கவிட்டாலும் இலை ஓரளவுக்கு மேல் போகாது, இருட்டு மூலையில் கம்பு நட்டு ஏற்றினாலும் போகாது. இதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது நம் கண்ணை நம்பக் கூடாது. அறை நமக்குப் பளிச்சென்று தெரியும், செடிக்கு அது இருட்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளி உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். எஸ்டேட் மர நிழலில்கூட சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி அலமாரி மேலே பெரும்பாலான வீடுகளில் 100, 200 தேறினால் அதிகம். அந்த வெளிச்சத்தில் மணி பிளான்ட் சாகாது. அதனால்தான் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. கிழக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், காலை வெயில் ஒரு மணி நேரம் இலையில் விழும் இடம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வடக்கு ஜன்னல் என்றால் கிட்டத்தட்ட ஒட்டியே வையுங்கள். மேற்கு ஜன்னல் சேலத்தில் ஆபத்து. சித்திரை, வைகாசியில் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக விழுந்தால் இலையில் வெளுத்த திட்டு விழுந்து காய்ந்துவிடும். மெல்லிய திரைச்சீலை இருந்தால் சமாளிக்கலாம். ஜன்னலே இல்லாத இடம் என்றால் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைச் செடிக்கு ஒன்றரை அடி தூரத்தில் தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். ஊதா நிற விளக்குத்தான் வேண்டும் என்பதில்லை.

இப்போது அந்த 300 ரூபாய்த் துண்டு. வாங்க வேண்டாம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவர் தருவது உண்மையிலேயே அந்தக் கொடியின் துண்டாகவே இருக்கலாம். ஆனால் வெட்டித் தொட்டியில் வைத்ததும் புதிதாக வரும் இலைகள் சிறுத்துக்கொண்டே போகும். மிளகில் இது வேறு மாதிரி. ஓடுகொடியை வெட்டி நட்டால் ஏறும் கொடி வரும். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது ஏறாமல் புதர் மிளகாகவே நின்று காய்க்கும். எந்தக் கிளையிலிருந்து வந்தோம் என்பது அதில் நிலைத்துவிடுகிறது. ஏற்காட்டுக்காரர்கள் மிளகைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் மணி பிளான்டும் அப்படித்தான் என்று நம்புவது இயல்பு. மணி பிளான்டில் அப்படி நிலைப்பதில்லை. ஏறுவது நின்றால் சின்ன இலைக்குத் திரும்பிவிடும். உங்களிடம் இருக்கும் கொடியே போதும்.

அதை என்ன செய்வது? தொங்கும் பத்தடிக் கொடியை அப்படியே தூக்கிக் கம்பில் சுற்ற வேண்டாம். பழைய தண்டு முறுக்கிக்கொண்டு நிற்குமே தவிர, பழைய கணுக்களில் வேர் சரியாகப் பிடிக்காது, பழைய இலையும் இனிப் பெரிதாகாது. நுனிகளிலிருந்து இரண்டு மூன்று கணு இருக்கும்படி நான்கு துண்டுகள் எடுங்கள். கணுவுக்கு அரை அங்குலம் கீழே சுத்தமான கத்தியால் வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி பத்து அங்குலத் தொட்டியில் நடுங்கள். நடுவில் நட வேண்டாம், பலகையின் காலடியில் நடுங்கள். ஆம், பலகை. ஆறு அங்குல அகலம், நான்கைந்து அடி உயரத்தில், இழைக்காத சொரசொரப்பான மரப் பலகை ஒன்றை மரக்கடையில் கழிவிலேயே வாங்கலாம். கடையில் விற்கும் தேங்காய் நார் சுற்றிய கம்பத்தைவிட சேலத்துக்கு இதையே நான் சொல்வேன். காரணம், நார்க் கம்பம் ஈரமாக இருந்தால்தான் வேர் உள்ளே போகும். சேலத்துக் கோடைக் காற்றில் காலையில் நனைத்த நார் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்த நாரில் வேர் நுனி கருகி நின்றுவிடும். தினம் இரண்டு வேளை நனைக்க முடிந்தால் நார்க் கம்பம் பலகையைவிட நல்ல பலன் தரும். முடியாது என்றால் பலகை. அதையும் காலையில் ஒருமுறை தெளிப்பானால் நனைத்துவிட்டால் நல்லது.

பலகையை வைக்கும் திசை முக்கியம். தண்டு பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இலை வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும், கணுவின் பின்பக்கத்து வேர் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீளும். தண்டை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கம் பழுப்பாக, அரிசி முனை மாதிரி ஒரு முளை தெரியும். அந்தப் பக்கம்தான் பலகையை ஒட்ட வேண்டும். பூக்கடையில் கேட்டால் வாழை நார் தருவார்கள். அதை நனைத்துக் கணுவுக்குக் கொஞ்சம் கீழே தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், காம்பு திரும்ப முடியாமல் இலை கோணலாகிவிடும். வேர் பலகையைப் பிடித்ததும் வாழை நார் தானாகவே இற்று விழுந்துவிடும், பிரிக்கிற வேலை இல்லை. கொடி பலகையின் உச்சியைத் தொட்டதும் அங்கிருந்து தொங்கவிடாமல் நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்து தளிர் கிளம்பும், வெட்டிய நுனியை அடியிலேயே நட்டுக்கொள்ளலாம். இதைத் தொடங்க ஆடி மாதம் வசதி. வெக்கை தணிந்து காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும்.

இதையெல்லாம் செய்தால் எவ்வளவு பெரிதாகும்? முறம் அளவு வராது. அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாலைந்தடிப் பலகையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒன்றிரண்டு வருடத்தில் இலை விரித்த கை அளவுக்கு, சில வீடுகளில் ஒரு முழ நீளத்தில் பாதிக்கு மேல் வருவதைப் பார்த்திருக்கிறேன். பிளவு விழுவது வீட்டுக்குள் அபூர்வம். அதற்கு இன்னும் உயரமும் இன்னும் வெளிச்சமும் வேண்டும். பால்கனியில் நிழலான, இரண்டு மாடி உயரச் சுவர் கிடைத்தால் வாய்ப்பு உண்டு.

மஞ்சள் இலை விஷயத்தில் நேரில் பார்க்காமல் ஒரே காரணம் சொல்ல மாட்டேன். இரண்டு சந்தேகம் உண்டு. இருட்டில் நீண்ட கொடி, புதுக் குருத்துக்காக அடி இலையிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டு அதைக் கைவிடுவது ஒன்று. இதில் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலை மெதுவாகப் போகும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகுவது இன்னொன்று. இதில் மூன்று நான்கு இலை ஒரே நேரத்தில் மஞ்சளாகும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடிய மாதிரி தொங்கும். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கெட்டியாக இருந்தால் முதல் காரணம். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் கழன்று வந்து நாற்றம் அடித்தால் இரண்டாவது. அந்த வேரை மீட்கப் பார்க்காதீர்கள், மேலே சொன்ன மாதிரி துண்டு எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். தினம் ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்து ஊற்றுவதை நிறுத்துங்கள். ஆள்காட்டி விரலின் இரண்டாவது ரேகை வரை மண்ணுக்குள் விட்டு, உலர்ந்திருந்தால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் ஊரில் ஒரு கேள்விதான். போர் உப்புத் தண்ணீர் வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோம். அதே படிவு தொட்டி மண்ணின் மேலும் ஏறும். நாளாக ஆக இலை நுனி பழுப்பாகிக் காயும். காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் இதற்கென்று எடுத்து வைத்தால் போதும். அதுவும் இல்லை என்றால், மழைத் தண்ணீர் கிடைக்கும்போது ஒருமுறை தாராளமாக ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். மண் கலவைக்குச் செம்மண், கொக்கோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் சம பங்கு, கூடவே கொஞ்சம் உடைத்த அடுப்புக்கரி. கொக்கோபீட்டை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். ஆற்று மணலுக்குப் பதில் எம் சாண்ட் போடுவதாக இருந்தால் அதில் இருக்கும் மாவு போகக் கழுவாமல் போட வேண்டாம், தொட்டிக்குள் இறுகிவிடும்.

உரத்துக்குக் கடைசியில்தான் வருகிறேன், ஏனென்றால் அதன் இடம் அதுதான். புதுக் குருத்து வரும் மாதங்களில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள) கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வளராத செடிக்குப் போட்டால் உப்பாகத் தங்கி வேரைத்தான் சுடும். முட்டை ஓடு வேண்டாம். அதில் இருப்பது சுண்ணாம்புச் சத்து, அது நம் போர் தண்ணீரிலேயே தாராளமாக இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் இல்லை, ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் தினம் ஊற்றினால் மண் புளித்து, சின்னக் கறுப்பு ஈ மொய்க்கும். இலை பளபளக்கப் பால், தேங்காய் எண்ணெய் தடவுவதை விடுங்கள். நம் ஊர்த் தூசிக்கு ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைத்தாலே போதும். துடைக்கும்போது இலைக்கு அடியில், காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அன்றைக்கே வழித்து எடுத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்பு நீரோடு கலந்து தெளியுங்கள்.

வெட்டிய துண்டுகளில் மீதியைப் பாட்டிலில் வைப்பீர்கள் என்று தெரியும், எல்லோரும் செய்வதுதான். வேர் நன்றாகவே வரும். ஆனால் தண்ணீரை ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாற்றும்போது பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரை ஒட்டித்தான் முட்டை வைக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே இருக்கும்.

வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் கீழ் இலைகள் அவர்களுக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் பலகையை வையுங்கள். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்க வைக்கும் அதே ஆக்சலேட் ஊசிகள் இந்த இலையிலும் உண்டு. கடித்தால் வாய் எரிந்து, உதடும் நாக்கும் வீங்கும். வாயைக் கழுவிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், கழித்த கொடியைக் குப்பையோடு காலி மனையிலோ ஓடைக்கரையிலோ, மலைக்குப் போகும்போது ரோட்டோரத்திலோ வீசாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் கிடந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். பல வெப்ப நாடுகளில் இந்தக் கொடி காட்டுக்குள் தப்பிப் போய், தரையை மூடி, மரங்களில் ஏறி, உள்ளூர்ச் செடிகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் ஏற்கெனவே உண்ணிச்செடி செய்வது போதும். மொட்டை மாடியில் ஒரு சாக்கில் பரப்பி, ஒடித்தால் சருகாக நொறுங்கும் வரை காயவிட்டு, பிறகு மண்புழு உரத் தொட்டியில் போடுங்கள்.